ஆத்தா மாலையில் கனம் குறைந்த நாலு காசு

ஐம்பது வெள்ளி நோட்டை யார் நீட்டினாலும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். தீபாவளிக்கு மருமகள் கொடுத்த நோட்டையும் அப்படித்தான் பார்த்தேன். அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. என்ன செய்வது? மலேசியாவில் ரவாங் பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் கல்லாக்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. கல்லாவில் உட்காரும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், சாமான் வாங்க வருகிறவர்களும் நல்லவர்கள்தான், ஆனாலும் மாலையில் கணக்கு இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று தேடத்தான் எனக்குச் சம்பளம். யாரையும் நம்பாதவள் என்று என் காதுபடவே பேசுவார்கள். நான் மறுத்ததில்லை.

அம்மா எனக்கு நேர் எதிர். கடையில் மிச்சக் காசு கொடுத்தால் எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். கோலசிலாங்கூர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் காசுமாலை நாற்பது வருடத்துக்கு மேலாக அவளிடம் இருந்ததற்கு அந்தக் குணமும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு கோயிலை ஒட்டி இருந்தது. பழைய பூசாரி இறந்தபோது மாலையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்து, அம்மா கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து திருவிழாக் காலையில் அம்மா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, தாம்பாளத்தில் மாலையை ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடப்பாள். மேளம் அவளுக்கு முன்னால் போகும். வருடம் முழுக்கக் கூலிக்குக் களை பிடுங்கிய பெண்ணுக்கு அந்த ஒரு காலையில் ஊரே வழிவிடும். அப்பா இறந்த வருடம் தவிர அவள் அதை விட்டதே இல்லை.

மாலையில் பதினோரு வெள்ளிக் காசுகள். எல்லாம் பிரிட்டிஷ்காரன் காலத்து ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் நாணயம்; அன்றும் இன்றும் எங்கள் ஊரில் பணத்துக்கு வெள்ளி என்றுதான் பேர். முடிசூடிய தாடிக்கார ராஜாவின் தலை போட்டது. தோட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் காய்ச்சலில் பிழைத்து எழுந்தபோதும், பிள்ளை தங்கியபோதும் ஆத்தாவுக்கு ஆளுக்கொரு வெள்ளி என்று வேண்டிப் போட்டது. பிறகு ஏதோ ஒரு பத்தர் ஒவ்வொரு காசுக்கும் வெள்ளி விளிம்பு கட்டி, வளையம் வைத்து, கோத்துக் கொடுத்திருக்கிறார். அவர் பேர் யாருக்கும் தெரியாது.

மாலையைத் துலக்குவதிலும் ஒரு முறை உண்டு. ராஜா தலை இருக்கும் பக்கத்தை மட்டும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாம். பின்பக்கம் ஆத்தாவின் மார்பில் படுவது. அதில் ஒட்டிய சந்தனத்தையும் மஞ்சளையும் தொடக்கூடாது, கழுவக்கூடாது. அதனால் முன்பக்கம் ராஜாவின் மூக்கும் தாடியும் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. பின்பக்கம் பல வருடத்துச் சந்தனம் காய்ந்து மண் பூசியதுபோல் அப்பிக் கிடந்தது. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை.

தோட்டத்தை வீடமைப்புக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். லயத்துச் சனங்களுக்குச் சாலையோரம் மலிவு விலை வீடு, கோயிலுக்கு அதே சாலையில் கொஞ்சம் நிலம். புதுக் கோயிலும் எழும்பியது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் மாலைக்குத் தங்க முலாம் போடவேண்டும் என்று கோயில் தலைவருக்கு ஆசை வந்தது. தலைவர் என்றால் எங்கள் தோட்டத்தின் பழைய கிராணி. ஆபீஸ் கணக்கு பார்த்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் ஊர் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிடும், அவருக்கும் அதில்தான் திருப்தி. அவர் வந்து கேட்டதும் அம்மா அரிசி டின்னுக்குள் இருந்த துணி முடிச்சை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டாள். எண்ணவில்லை, பிரிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் போனிலாவது படம் பிடித்திருப்பேன்.

மாலை கோலசிலாங்கூரில் மலையடிவாரத்துக் கடைத்தெருவில் இருக்கும் ஒரு நகைக்கடைக்குப் போனது. பிறகு கிராணி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மூவரும் கிளாசைத் தொடவே இல்லையாம். அதை என்னிடம் சொன்னது தம்பி. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கிராணி சொல்லிவிட்டுத்தான் போனார். விளிம்புகளைப் பிரித்துக் காசுகளைத் தனித்தனியாக நிறுத்தபோது பதினொன்றில் நாலு காசு கனம் குறைவு. ஏதோ தேய்மானம் அல்ல, கால் பங்கு குறைவு. அளவிலும் சின்னது. அது வெளியே தெரியக்கூடாது என்று அந்த நாலுக்கு மட்டும் விளிம்பைத் தடியாகக் கட்டியிருக்கிறார்கள். எவனோ ரொம்பத் திட்டம் போட்டுச் செய்த வேலை என்று சொல்லிவிட்டு, கும்பாபிஷேகத்தன்று தாம்பாளத்தை வேறு யாராவது தூக்கட்டும் என்று முடித்திருக்கிறார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம். வாங்கினதைத்தான் கொடுத்தேன் என்று.

மறுநாள் வேலையில் இருக்கும்போதே கோயில் வாட்சப் குழுவில் செய்தி ஓட ஆரம்பித்தது. யாரும் பேர் சொல்லவில்லை. 'சாமி சொத்து', 'ஆத்தா பார்த்துக்கொள்வாள்', கைகூப்பும் படம், மறுபடி கைகூப்பும் படம். பேர் சொல்லித் திட்டினால் திருப்பித் திட்டலாம். கைகூப்புகிறவர்களை என்ன செய்வது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடுப்பு சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். ரவாங்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாகச் எண்ணெய்க்குப் பிழியும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி விசாரித்தேன். நகைக்கடைக்காரர்: காசு அவர் கையில் இருந்தபோதுதான் கனம் குறைந்தது. கிராணி: முலாம் போடும் யோசனையே அவருடையது. கடைசியில், நினைக்கவே கசந்தாலும், என் தம்பி.

தம்பி அம்மாவோடு இருக்கிறான். செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறான். லாட்டரி நம்பர் எடுக்கும் பழக்கம் உண்டு. பரிசு விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. போன வருடம் லோரிக்கு நாலு புது டயர் போட்டான். நாலு டயர், நாலு காசு. என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

வீட்டில் அம்மா முன்னறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். மாலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாமி படத்தில் நேற்றைய பூ வாடிக் கிடந்தது. என் அம்மா வீட்டில் அப்படி ஒரு பூவை நான் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போகவில்லையா என்றதற்குக் கால் வலிக்கிறது என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுப் பெண் வழக்கமாக வேலிக்கு மேல் எட்டிப் பேசுகிறவள், அன்று துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பியை லோரி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் டயருக்கு ஏது காசு என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நான் எடுக்கிறவனா இருந்தா பதினொன்னையும் எடுத்திருப்பேன்லா அக்கா. நாலை மட்டும் எடுத்து, அதுக்குப் பதிலு வேற காசு தேடி, விளிம்பு கட்டி, திரும்பக் கோத்து வைக்க எனக்கு என்னா பொழுது இருக்கு?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. என் தம்பிக்குத் திருடும் குணம் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவ்வளவு பொறுமை கிடையாது. டயர் தவணைக் கடனில் வாங்கியது என்று பிறகு ரசீதைக் காட்டினான். நானும் வாங்கிப் பார்த்தேன். அவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், அவன் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

அடுத்தது நகைக்கடை. கடைக்காரர் என் வயதுக்காரர், பரம்பரைப் பத்தர். நான் யார் என்று தெரிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். காசுகளைப் பார்க்கவேண்டும் என்றேன். கிராணியிடம் கேட்டுத்தான் எடுக்க முடியும் என்றார். கேளுங்கள் என்றேன். அவர் போனில் பேசி முடிக்கும்வரை நான் கடையின் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பையில் இருந்த ஐம்பது காசு நாணயங்களை ஒவ்வொன்றாக அதில் வைத்து எடுத்தேன். எல்லாம் ஒரே கனம் காட்டியது. இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். தராசின் மேல் எனக்குச் சந்தேகம் என்று அவருக்குப் புரிந்து, அவர் காது சிவந்தது. ஆனால் தராசு சரியாகத்தான் இருந்தது.

பதினோரு காசும் சிவப்புத் துணியில் வரிசையாகக் கிடந்தன. விளிம்பு இல்லாமல் பார்க்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஏழு பெரியவை, நாலு சின்னவை. எல்லாவற்றிலும் அதே ராஜா. கைக்கு எடுத்தால் சின்னது ஒரு மாதிரி இளைத்துத்தான் இருந்தது. எவனோ சுற்றிலும் அரம் வைத்து அராவியிருக்கிறான் என்பது பத்தரின் கருத்து.

உரைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். நாலும் நல்ல வெள்ளி, மற்ற ஏழில் இருக்கும் அதே தரம். அங்கேதான் எனக்கு முதல் நெருடல். கள்ளக் காசு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருடுகிறவன் நல்லதை எடுத்துவிட்டு மட்டமானதை வைப்பான். வெள்ளியை எடுத்துவிட்டு வெள்ளியையே வைப்பவன் எந்த ஊர்த் திருடன்? ஒரு சின்னக் காசை எடுத்து ஓரத்தை நகத்தால் வருடினேன். சுற்றிலும் சன்னமான கோடுகள், சீப்புப் பல்போல், ஓர் இடம் விடாமல் ஓடின. அரத்தால் அராவியிருந்தால் முதலில் போவது அந்தக் கோடுகள்தான். நான் காசைப் பத்தரிடம் நீட்டினேன். அவரும் நகத்தால் வருடிப் பார்த்தார். காசை என் கையிலேயே வைத்தார்.

திருப்பினேன். சந்தனக் காறை. இதைக் கழுவிப் பார்க்கலாமே என்றதும் பத்தர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். முலாம் போடுவதற்கு முன்னால் ஐயரை வைத்து நாள் பார்த்துத்தான் அதைக் கரைப்பதாக இருந்தாராம். தானாகத் தொடமாட்டேன் என்றார். எனக்கும் கை வரவில்லை. ரவாங்கில் யாருக்கும் பயப்படாதவள்தான், ஆனால் ஆத்தா மார்பில் கிடந்த சந்தனம் அது. அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்பக்கத்தைக் கழுவிப் பார்க்கவேண்டும் என்றேன்.

"கரைச்சுப் பாரு. ஆத்தாக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள்.

கடைப் பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். சின்னக் காசு ஒன்றைப் போட்டு ஊறவிட்டுக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தேன். தண்ணீர் மஞ்சளாக மாறியது. மணம் இன்னும் இருந்தது. கோலம்போல் ஒரு சித்திரம், நடுவே சீன எழுத்து, சுற்றி இங்கிலீஷில் ஒரு வெள்ளி என்ற வார்த்தை, அதோடு வருடம்: 1908. அடுத்ததையும் கழுவினேன், 1907. நாலு சின்னதிலும் அந்த இரண்டு வருடங்கள்தான். பெரியவற்றை எடுத்தேன். 1903, 1904. ஏழிலும் வேறு வருடமே இல்லை. பெரியதெல்லாம் முந்தியது, சின்னதெல்லாம் பிந்தியது. நடுவே ஒன்றுகூடக் கலக்கவில்லை. கணக்கு இடிக்கும் இடம் இதுதான் என்று தெரிந்துபோயிற்று. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லாமல் பத்தர் தம் கடைத் துளசித் தொட்டியில் ஊற்றினார்.

ரவாங் பழைய கடைத்தெருவில் ஒரு சீனர் பழைய நோட்டும் நாணயமும் விற்கிறார். அவரையும் நான் நம்பிவிடவில்லை. பழங்காசு வாங்குகிறவன், நம் கையில் இருப்பது மதிப்பில்லாதது என்று சொன்னால்தானே அவனுக்கு லாபம்? அதனால் விஷயத்தைச் சொல்லாமல் படங்களை மட்டும் காட்டி, இதில் எது போலி என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் அசல் என்றார் மலாய் மொழியில். அப்படியானால் நாலு மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது என்றேன். எந்தக் கள்ளன் செய்த வேலை இது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"கெராஜாஆன் லா" என்றார். அரசாங்கம்தான்.

ஒரு தடித்த ஆல்பத்தைப் புரட்டி இரண்டு காசுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அதே ராஜா, அதே கிரீடம். பெரியதில் 1904, சின்னதில் 1907. அந்தக் காலத்தில் வெள்ளியின் விலை ஏறிவிட்டதாம். ஒரு வெள்ளி நாணயத்தில் இருக்கும் உலோகத்தை உருக்கி விற்றால் ஒரு வெள்ளிக்கு மேல் கிடைக்கும் நிலை. விட்டால் காசெல்லாம் உலைக்குப் போய்விடும் என்று, சிங்கப்பூர்த் தீவில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அரசாங்கம் பெரிய காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கால் பங்கு வெள்ளியைக் குறைத்துச் சின்னக் காசை வெளியே விட்டிருக்கிறது. முகமும் மாறவில்லை, மதிப்பும் மாறவில்லை. தீவில் போட்ட உத்தரவு கடல் தாண்டி நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது, இங்கேயும் அதே காசுதானே ஓடியது என்றார். பிறகு என்னிடம் இருப்பவற்றை விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது உண்மையா என்று வீட்டுக்குப் போய்ப் போனில் தேடியும் பார்த்தேன். ஒன்றுக்கு நாலு இடத்தில் பார்த்தேன். உண்மைதான்.

மறுநாளே போய் அந்த இரண்டு காசையும் விலைக்கு வாங்கினேன். வாயால் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். நானாக இருந்தால் நானும் நம்பமாட்டேன். கட்டிய காசுக்கு ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுக்க எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை. ஒரு தீவில், பெரிய கட்டடத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கால் பங்கைக் குறைத்தவர்கள் வீட்டில் யாரும் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போகவில்லை. அவர்களைப் பார்த்து யாரும் கைகூப்பும் படம் போடவில்லை. அது சட்டம், அறிவிப்பு, அவ்வளவுதான். நூறு வருடம் கழித்து அந்தக் கால் பங்கைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் நேராக வந்து நின்றது மலிவு விலை வீட்டில் கீரை ஆய்கிற ஒருத்தியின் வாசலில். அதோடு, அந்த நாலு காசை வேண்டிப் போட்டவர்களையும் நினைத்துக்கொண்டேன். காலையில் பனியோடு போய் மரம் சீவி, முன்னால் போட்டவர்களைப் போலவே உழைத்து வாங்கிய ஒரு வெள்ளிதானே அது? கையில் வந்தது இளைத்த காசு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

விளிம்பு விஷயமும் அப்போதுதான் விளங்கியது. பேர் தெரியாத அந்தப் பழைய பத்தர் பதினோரு காசையும் கையில் வாங்கியபோதே வித்தியாசத்தைப் பார்த்திருப்பார். மாலை கோணலாகத் தெரியக்கூடாது, பிந்திப் போட்டவர்களுடைய வேண்டுதல் சிறுத்துப் போனதுபோல் இருக்கக்கூடாது என்றுதான் சின்னதற்கு விளிம்பைத் தடியாகக் கட்டியிருக்கவேண்டும். எனக்கு அப்படித்தான் படுகிறது. அவர் மரியாதைக்காகச் செய்ததை நாங்கள் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

கோயில் கூட்டம் புது மண்டபத்தில் நடந்தது. பத்தரைத் தராசோடு வரச்சொல்லியிருந்தேன். வந்தார், அவருக்கும் மனசு உறுத்தியிருக்கும்போல. நான் முதலில் என் காசுகள் இரண்டையும் எல்லோர் கையிலும் கொடுத்து ஓரத்தை வருடிப் பார்க்கச் சொன்னேன். பிறகு தராசில் வைத்தேன். பிறகு மாலைக் காசுகள். பெரியது பெரியதோடு ஒத்தது, சின்னது சின்னதோடு ஒத்தது. வருடங்களைக் கிராணியையே வாசிக்கச் சொன்னேன். ஆபீஸில் வாசித்த அதே குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார். எட்டாவது காசிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் பதினொன்றையும் வாசிக்கவைத்தேன்.

பிறகு ஒருவர், எனக்கு அப்பவே தெரியும் என்றார். இன்னொருவர், அந்தக் காலத்து வெள்ளைக்காரன் சும்மாவா என்றார். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க ஒங்கம்மாவ ஒன்னும் சொல்லலையேம்மா."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மண்டபம் புதிது, சாமி இன்னும் ஏறவில்லை, அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. முலாம் போடும் யோசனையைக் கைவிட்டார்கள். பத்தர் பழைய விளிம்புகளையே திரும்பக் கட்டி, கூலி வாங்காமல் கோத்துக் கொடுத்தார். குழுவில் மறுபடி கைகூப்பும் படங்கள் வந்தன, இந்தத் தடவை அம்மா பேரைப் போட்டே. கும்பாபிஷேகத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிராணி மாலையை எடுத்துக்கொண்டு ஊர் ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். நானும் ரவாங்கிலிருந்து போயிருந்தேன். தம்பி நாற்காலிகளை இழுத்துப் போட்டான். அம்மா தேத்தண்ணி வைத்தாள். கிராணி சூடு ஆறும்வரைகூடக் காத்திராமல் முதல் ஆளாக எடுத்துக் குடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து சுவரோரம் நின்றாள். தாம்பாளத்தை வழக்கம்போல் அக்காதான் தூக்கவேண்டும் என்று கிராணி எழுந்து நின்று, பழைய துணி முடிச்சை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே அத்தனை அலைச்சல் என்று நினைத்தேன்.

அம்மா கை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த முடிச்சைப் பார்த்தாள்.

"நிறுத்துக் குடுங்க, கிராணி."

அவர் சிரிக்கப் பார்த்தார். அதெல்லாம் எதற்கு அக்கா, எல்லாம்தான் தெளிவாகிவிட்டதே என்றார். அம்மா கோபப்படவில்லை, குரலும் உயரவில்லை. தராசு கொண்டுவரட்டும், எல்லாரும் பார்க்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன் என்றாள். தராசு இருந்தது கோலசிலாங்கூர்க் கடையில். தம்பி லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அவன் திரும்பிவரும்வரை அத்தனை பேரும் அந்தச் சின்ன முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. அம்மா உள்ளே போய்ச் சமையலைப் பார்த்தாள்.

தராசு வந்ததும் அம்மா கண்ணெதிரே முடிச்சை அவிழ்த்தார்கள். மாலையை வைத்தார்கள். கண்ணாடியில் எண் ஓடி நின்றது. கிராணி அதைச் சத்தமாக வாசித்தார். அம்மா குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள்.

கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது. மேளத்துக்குப் பின்னால் அம்மாதான் தாம்பாளத்தை ஏந்திப் போனாள். இப்போது ஒவ்வொரு திருவிழாவுக்கும் மாலை வீட்டைவிட்டுப் போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை நிறுப்பது வழக்கமாகிவிட்டது. கோயில் செலவில் ஒரு தராசும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். என் கடையில் எந்தப் பிள்ளைக்கும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில் அந்த மாலை எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டபோது, அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே புள்ளிக்கு அப்பால் உள்ள எண்வரை சொன்னாள். நாற்பது வருடம் அந்த மாலையைக் கையில் ஏந்தியவளுக்குத் தராசு வரும்வரை அதன் கனம் தெரியாது.